கை வைக்காத சார்

என் மகள் ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில் அடிக்கக் கற்றுக்கொண்டாள். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. முழுக்களைக் கழிப்பது, விசையும் இயக்கமும், பூமிக்குள்ளே என்ன இருக்கிறது, அப்புறம் சமத்துவம் என்று ஒரு பாடம். ஜூன் மாதம் நான்தான் எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டை போட்டுப் பையில் வைத்து அனுப்பினேன். செப்டம்பரில் அவளுக்கு இடது காது கேட்கவில்லை.

எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி, பேக்கிங் செக்‌ஷன். காலை ஷிப்டுக்கு ஆரம்பாக்கம் பக்கம் கம்பெனி பஸ் வரும். சாயங்காலம் வந்து உலை வைத்தால்தான் பிள்ளையின் முகத்தையே பார்ப்பேன். ஜூலையில் ஒரு நாள் பார்த்தால் அவளுடைய வலது கை முட்டி நாலும் சிவந்து வீங்கியிருந்தது.

"இன்னாடி கை இப்படி இருக்கு?"

"குட்டினேம்மா."

"யார?"

"தப்பா சொன்னவங்கள. சார்தான் குட்டச் சொன்னாரு. இன்னிக்கி நான் எல்லாக் கணக்கும் கரெக்டு."

அப்போதுதான் அந்த வகுப்பின் முறை எனக்குத் தெரிந்தது. கணக்கு சார் ஒருவர் புதிதாக வந்திருந்தார். மீஞ்சூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருவார். வெள்ளைச் சட்டை, கையில் பிரம்பு கிடையாது. இப்போது வாத்தியார் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். கணக்கு கேட்பார். தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சரியாகச் சொன்ன பிள்ளை வரிசையாகப் போய் அவர்களைக் குட்ட வேண்டும். சின்னத் தப்புக்குக் குட்டு. பெரிய தப்புக்குக் கன்னத்தில் அறை. சார் நாற்காலியை விட்டு எழ மாட்டார்.

பாவம் பார்த்து மெதுவாக அடித்தால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். அடி வாங்கிய பிள்ளையைக் கூப்பிட்டு, "இவளுக்கு அடிக்கத் தெரியல. எப்படி அடிக்கிறதுன்னு நீ காட்டு" என்பார். அது திருப்பி அடிக்கும். அதுவும் மெதுவாக அடித்தால் மறுபடி முதல் பிள்ளை. சத்தம் சார் காதுக்கு நன்றாக இருக்கும்வரை நடக்கும்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஒரு வித்தை கண்டுபிடித்தன. உள்ளங்கையைக் குழித்து அறைந்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும், வலி குறைவு. என் மகள் என் முதுகிலேயே அடித்துக் காட்டினாள். "பாரு, டப்புனு சத்தம் வருதா? வலிச்சுதா?" வலிக்கவில்லை. கொஞ்ச நாளில் சார் அதையும் கண்டுபிடித்துவிட்டார். சத்தத்தை விட்டுவிட்டு, கன்னத்தில் விரல் பதிந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து விரல் பதிய அடித்தன.

பள்ளிக்கூடம் விட்டதும் மீதி நடக்கும். ரயில்வே கேட் அருகில் பையன்கள் காத்திருப்பார்கள். "இன்னாடி, கிளாஸ்ல கை நீட்டினியே, இப்ப நீட்டு!" பையைப் பிடுங்கி வயல் சேற்றில் எறிவார்கள். ஒரு பையனை இன்னொருவன் ஜாமெட்ரி பாக்ஸால் அடித்துப் புருவம் கிழிந்தது. தண்டவாளக் கல்லை எடுத்து ஒருத்தன் முழங்காலில் போட்டான். ஏன் என்று கேட்டால், "அவன் என்னை ரெண்டு தபா குட்டினான்" என்றான். விசையும் இயக்கமும்.

என் மகளுக்கு ஒரே ஒரு கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டும் ஒரே பெஞ்ச். அவளுடைய அம்மாவும் எங்கள் கம்பெனிதான், மோல்டிங் செக்‌ஷன். அதே பஸ். அந்தப் பெண்ணுக்குக் கழித்தலில் மைனஸ் மைனஸ் இரண்டு சேர்ந்து வந்தால் புரியாது. எத்தனை முறை சொன்னாலும் புரியாது. தினமும் எழுந்து நிற்பாள். என் மகள்தான் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறவள். அப்படியென்றால் யார் யாரை அடித்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் பருவத் தேர்வு நெருங்கிய சமயம். ஒரு சாயங்காலம் மகள் இடது கன்னத்தைப் பிடித்தபடி வந்தாள். "வெளையாடறப்போ பால் பட்டுச்சும்மா" என்றாள். நானும் எண்ணெய் தடவிவிட்டு வேலையைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவளுடைய நைனா, என் வீட்டுக்காரர், போன் செய்தார். அவர் லாரி ஓட்டுகிறவர், அப்போது நெல்லூரில் இருந்தார். மகள் போனை இடது காதில் வைத்தாள், எடுத்து வலது காதில் வைத்தாள். மறந்துபோய் இடதில் வைத்தாள், மறுபடி வலதுக்கு மாற்றினாள். நான் அவளுக்குப் பின்னால் இடது பக்கமாக நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. தலையணையைப் பார்த்தேன். மஞ்சளாகக் கறை.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "யாரும்மா அறைஞ்சது?"

"பால் பட்டுச்சுன்னு சொல்றா சார்."

"பால் இல்ல. கை. ஜவ்வு கிழிஞ்சிருக்கு. சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. ரெண்டு மாசம் பாப்போம். மூடலன்னா ஆபரேஷன் பண்ணணும். பண்ணாலும் முழுசா கேக்கும்னு சொல்ல முடியாது."

பஸ் ஸ்டாப்பில் வைத்து உலுக்கினேன். "யாருடி? சொல்லு. யாரு அடிச்சா?" அழுதாள். ரொம்ப நேரம் கழித்துக் கூட்டாளியின் பெயரைச் சொன்னாள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெண்ணின் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டேன். கொண்டையைப் பிடித்து முன்சீட்டுக் கம்பியில் அவள் தலையை மோதினேன்.

"எம்பொண்ணு காத கிழிச்சிட்டு இட்டிலியா துண்ற?"

அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. என் கையைக் கவ்விக் கடித்தாள். விடவேயில்லை. நான் அவள் முகத்தில் குத்தினேன். பஸ்ஸில் இருந்த பெண்கள் கத்தினார்கள். டிரைவர் வயலோரம் வண்டியை நிறுத்தி, "எறங்கி அடிச்சிக்குங்க! கம்பெனி வண்டிய ரத்தமாக்காதீங்க!" என்று இரண்டு பேரையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ரோட்டில் நின்று மறுபடி கட்டிப் புரண்டோம். மூச்சு வாங்கியதும் அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உம்பொண்ணு எம்பொண்ண எத்தினி தபா அடிச்சிருக்கா தெரியுமா? அத எவனாவது உன்னாண்ட சொன்னானா? ராத்திரியெல்லாம் கன்னத்துல சுண்ணாம்பு தடவிக்கினு படுத்திருந்தா. நான் எந்தப் பஸ்ல வந்து உன் மசுர புடிச்சேன்?"

கிழிந்த ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே சொன்னாள்.

"அன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னாவது கேட்டியா? உம்பொண்ணு எம்பொண்ணுக்கு வெரலக் காட்டி விடை சொல்லிக் குடுத்திருக்கா. அந்தக் கணக்கு வாத்தி பாத்துட்டான். இவள அறையுன்னான். உம்பொண்ணு மாட்டேன்னுட்டா. அப்போ நீ அவள அறையு, அவ கை ஓங்கற வரைக்கும் அறையுன்னு எம்பொண்ணாண்ட சொன்னான். உம்பொண்ணு கையே ஓங்கல. கையக் கட்டிக்கினு நின்னா. இவ அழுதுகினே அடிச்சிக்கினு இருந்தா. அந்தாளு நாற்காலில உக்காந்துகினு போதாது, போதாதுன்னான்."

அப்படியே பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். அவளுக்கு ஜாக்கெட் கிழிந்திருந்தது, எனக்குக் கையில் ரத்தம் சொட்டியது. தலைமை ஆசிரியை எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். கணக்கு சாரைக் கூப்பிட்டார். வந்தார். மடிப்புக் கலையாத சட்டை.

"நான் உங்க பொண்ணு மேல கை வெச்சேனா? இந்த ஸ்கூல்ல ஒரு பிள்ளையையாவது தொட்டிருக்கேனா? கேட்டுப் பாருங்க."

தலைமை ஆசிரியை வகுப்பில் போய்க் கேட்டார். சார் யாரையாவது அடித்தாரா? இல்லை மிஸ். அப்போது யார் அடித்தது? பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தன. ஒவ்வொன்றும் அடித்திருந்தது. எது எதைச் சொல்லும்? எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. வாசலில் கூடியிருந்த அப்பா அம்மாக்கள் சாருக்குப் பரிந்து பேசினார்கள். "சார் வந்தப்புறம்தான் எம்பையன் வாய்ப்பாடே சொல்றான். நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கினு வந்து ஸ்கூல பேஜாரு பண்றீங்க." இரண்டு பொம்பளைகள் தெருச்சண்டை போட்டுவிட்டுப் பழியைச் சார் மேல் போடுகிறார்கள் என்று முடிந்தது. எங்களுக்கு அன்றைய சம்பளமும் போயிற்று.

அன்று சாயங்காலம் அந்தக் கூட்டாளிப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது உண்மை. மகள் எழுந்து போய் அவளை இழுத்து வந்து தன் வலது பக்கத்தில் உட்காரவைத்தாள். அப்புறம் அந்த மைனஸ் மைனஸ் வராத பெண் சொன்னாள்:

"ஏ, எல்லாருமே என்னை மாதிரி மக்கா இருந்தா, யாரு யாரடி அடிப்பா?"

அடுத்த நாள் நடந்ததை இரண்டும் சேர்ந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் பிரேயருக்கு முன்னாலேயே விஷயத்தை வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டார்கள். ரயில்வே கேட்டில் கல் போட்டவனும் சரி என்றானாம். சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கழித்தல் கணக்கைச் சொன்னார். முதல் பெஞ்சைக் கேட்டார்.

"தெரியாது சார்."

அடுத்த பெஞ்ச். தெரியாது சார். என் மகளைக் கேட்டார். அவளும் எழுந்து, தெரியாது சார். வகுப்பு மொத்தமும் நின்றது. அடிக்க ஆள் இல்லை. சார் சுலபமான கணக்குக்கு இறங்கினார். தெரியாது. கூட்டல் கேட்டார். தெரியாது. கடைசியில் இரண்டும் ஒன்றும் எத்தனை என்று அந்தக் கூட்டாளிப் பெண்ணைக் கேட்டார்.

"தெரியாது சார்" என்றாள். சிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான். பருவம் முழுக்க நாற்காலியை விட்டு எழாத மனிதர் எழுந்தார். மேஜையில் கிடந்த மர ஸ்கேலை எடுத்து அவள் வாயிலேயே அடித்தார். உதடு கிழிந்தது. கையை உயர்த்தினாள், கையில் அடித்தார். ஸ்கேல் உடைந்தது. உடைந்த துண்டோடு அடித்தார். தடுக்க வந்த பையனை எட்டி உதைத்தார், அவன் பெஞ்சில் மோதி விழுந்தான். சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை ஓடி வந்தபோது அவர் அந்தப் பெண்ணின் சடையைக் கையில் சுற்றிக்கொண்டு, "சொல்லு, சொல்லு" என்று சுவரில் மோதிக்கொண்டிருந்தார். சத்துணவு சமைக்கிற அம்மா கரண்டியோடு வந்து அவர் மணிக்கட்டில் ஓங்கிப் போட்ட பிறகுதான் சடையை விட்டார்.

முந்தின நாள் அவருக்குப் பரிந்து பேசிய அதே அப்பா அம்மாக்கள் மத்தியானம் கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். "எப்படிடா எங்க புள்ள மேல கை வெப்ப?" வெள்ளைச் சட்டை கிழிந்தது. போலீஸ் வந்து அழைத்துப் போனது. அப்புறம் சஸ்பெண்ட், அதற்கப்புறம் வேறு ஒரு ஊருக்கு மாற்றல். அந்த ஊரிலும் ஏழாம் வகுப்பு இருக்கிறது.

எனக்கு இன்றுவரை எரிகிறது. மூன்று மாதம் பிள்ளையின் கையை எடுத்துப் பிள்ளையை அடித்தான், அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவனுடைய சொந்தக் கை ஒரு நாள் பட்டதும் ஊரே கொதித்தது. அவன் சொந்தக் கையை வெளியே வரவைக்க அந்தப் பெண் தன் வாயைக் கொடுக்க வேண்டியிருந்தது. உதட்டில் தையல் போட்டார்கள்.

ஜவ்வு பாதி மூடியிருக்கிறது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் கூட்டாளி இப்போது என் மகளின் வலது பக்கத்தில் உட்காருகிறாள். காதில் விழாமல் போனதைத் திருப்பிச் சொல்கிறாள். பஸ்ஸில் அவளுடைய அம்மாவும் நானும் ஒரே சீட். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. என் கையில் அவள் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. அவள் நெற்றியில் கம்பி பட்ட தழும்பு.

இரண்டாம் பருவத்துக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்திருக்கிறார். சின்ன வயது, அடிக்கச் சொல்லாதவர், பொறுமையானவர். ஆனால் போன வாரம் என்னைக் கூப்பிட்டு வருத்தப்பட்டார். "இந்த கிளாஸ்ல எதைக் கேட்டாலும் ஒரு பிள்ளை கூட வாயத் திறக்க மாட்டேங்குது. பேப்பர்ல மட்டும் நல்லா எழுதுதுங்க. ஏன்னே புரியல."

வீட்டுக்கு வந்து மகளின் வலது பக்கம் உட்கார்ந்து கேட்டேன். "ஏண்டி, டீச்சர் கேட்டது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்புறம் சொல்றதுதானே?"

அவள் காதில் இருந்த பஞ்சைச் சரிசெய்துகொண்டாள்.

"சொன்னா, அடுத்து இன்னா பண்ணச் சொல்லுவாங்களோ, யாருக்குத் தெரியும்?"