நாலு மணி ஓடுபாதை

ஆம்பூர் பஸ் வேலூரைத் தாண்டியதும் டயர் வெடித்து நிற்கிறது. ரோட்டோரம் கைவிடப்பட்ட விமானத் திடல். யுத்தத்தின்போது பட்டாளம் இருந்த இடம். பிறகு கொஞ்ச காலம் பயணிகள் விமானமும் இங்கேதான் இறங்கியது. இப்போது இரண்டும் இல்லை. ஓடுபாதையின் வெடிப்புகளில் முளைத்த புல்லை ஆடுகள் மேய்கின்றன. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை காற்றில் வருகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுபாதையில் நடக்கிறேன். அங்கே உட்கார்ந்து ஆடுகளை மேய்ப்பவள் முனியம்மா. விமானம் இறங்குமுன் ஆடுமாடுகளை விரட்டுவது அவள் புருஷனின் வேலையாம்.

"ஒரு மாடு நகரல சார். அத்த வெரட்டப் போயி ப்ளேன்ல மாட்டிக்கினு பூட்டாரு. அப்புறம் கொஞ்ச நாள்ல ப்ளேனும் நின்னுபோச்சு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எல்லா ஆடுகளும் ஒன்றாகத் தலை நிமிர்கின்றன. யாரும் விரட்டாமலே ஓடுபாதையை விட்டு ஓடுகின்றன. அவளும் எழுந்து வேலமரத்தடிக்குப் போகிறாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"நாலு மணி ஆச்சு, ப்ளேன் எறங்குற நேரம். தெனமும் அவருதான் வெரட்றாரு. நீங்களும் எறங்கிடுங்க சார்."

வானத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஓடுபாதையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

முனியம்மா வெறும் பாதையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "போதும்யா, எல்லாரும் எறங்கியாச்சு. வந்து நெழல்ல குந்து."

சொல்லிவிட்டு, சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விடுகிறாள்.