மதராஸ் ஹோட்டலில் ஓர் அருவி

தென்காசியில் எங்கள் தெருவில் முதன்முதலாக ஷவர் வைத்த வீடு எங்களுடையதுதான். மாமா, அதாவது என் மாமனார், மொட்டைமாடியில் ஒரு தொட்டி கட்டி, கிணற்றுத் தண்ணீரை ஆள் வைத்து அதில் ஏற்றி, குழாய் வழியாகக் குளியலறைக்கு இறக்கியிருந்தார். தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வாசல் தாண்டியதும் பணக்கொழுப்பு என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அந்தக் குழாய் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது அந்த வீட்டு மனிதர்களில் மிஞ்சியிருப்பது நான் மட்டும்தான். சொல்லிவிடலாம்.

என் கணவருக்குத் தாலுகா கச்சேரியில் உத்தியோகம். கல்யாணமாகி இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். நன்றாக என்றால், சிரிப்பார், கோபப்படுவார், ரசத்தில் உப்பு இல்லை என்பார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை இலைமேல் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். கை காய்ந்துபோன பிறகு நான்தான் கழுவிவிட்டேன். அதற்குப் பிறகு கச்சேரிக்குப் போவது நின்றது, தூக்கம் நின்றது, கடைசியில் பேச்சும் நின்றது. என்னைப் பார்ப்பார். கதவையும் அதே மாதிரிதான் பார்ப்பார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வைத்தியம் எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ புத்தி பேதலித்தவர்களைக் கூட்டி வந்து குற்றாலத்து அருவியில் நிறுத்துவார்கள். சிலரைச் சங்கிலி போட்டுக் கொண்டுவருவார்கள். சின்ன வயதில் நான் அவர்களை வேடிக்கை பார்த்திருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். அந்த வருஷம் ஆனியிலும் ஆடியிலும் எங்கள் வில்வண்டியும் விடியற்காலையில் அங்கேதான் போய் நின்றது. மாமா தன் கையாலேயே மகனுக்கு நல்லெண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்துவார். "தல குளுந்தா புத்தி தானா எறங்கி வந்துரும்" என்பார். அருவிக்கரையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நான் பெண்கள் பக்கத்தின் ஓரத்தில் துண்டை வைத்துக்கொண்டு நிற்பேன்.

கல்யாணமான புதிதில் சாரலுக்குப் போனபோதும் அதே ஓரத்தில்தான் நின்றேன், ஆனால் அருவித் தண்ணீருக்குள். அப்போது என் கணவர் ஆண்கள் பக்கத்தின் கடைசிவரை நகர்ந்து வந்து, அருவி இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "ஏட்டி, சேலைய இறுக்கிப் பிடிச்சுக்கோ! தண்ணி உருவிட்டுப் போயிரும்!" என்னைச் சுற்றிக் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

சாரல் முடிந்தது, ஐப்பசி மழையும் முடிந்தது. மாசியில் பாறைதான் மிச்சம், அருவி இல்லை. அவரிடம் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் மலைக்கு மேற்கே எஸ்டேட் வைத்திருந்த மாமாவின் சினேகிதர் ஒருவர், மதராஸில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருப்பதாகச் சொன்னார். புத்திக் கோளாறுக்கென்றே படித்தவராம். பனிக்காலத்தில் கப்பலில் வந்து ஒரு பெரிய ஹோட்டலில் தங்கி நோயாளிகளைப் பார்ப்பாராம். வெயில் ஏறும் முன்னே திரும்பிவிடுவாராம். அதே ஹோட்டலில் சில நாட்கள் தங்கினால், ஆளை நிதானமாக வைத்துப் பார்த்துச் சொல்வாராம். நான் அன்றைக்குப் பூஜை அறையில் போய் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வேட்டி கட்டியவர்களை அந்த ஹோட்டலில் முன்வாசல் வழியாக விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாமா திருநெல்வேலிக்குப் போய்க் கால்சட்டையும் கோட்டும் தைத்துக்கொண்டு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கீழே கால்சட்டை. செங்கோட்டை ரயிலில் ஏறியதிலிருந்து எழும்பூரில் இறங்கும்வரை அதை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே வந்தார். மகனுக்கும் அதே துணியில் தைத்திருந்தார். ஊரில் துணி மீந்துபோய் இரண்டு பேருக்கும் தைத்த மாதிரி இருந்தது.

ஹோட்டலைப் பற்றி என்னைக் கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. வெள்ளைத் தூண்கள், காலை வைத்தால் அமுங்கும் கம்பளம், ஆளுயரக் கண்ணாடி, சிவப்புக் கச்சை கட்டிய பட்லர்கள். ராஜாக்கள் எல்லாம் தங்கின இடமாம். எங்களுக்குக் கொடுத்த அறையில் எங்கள் வீட்டுக் கூடத்தையே வைத்துவிடலாம். நாங்கள் சைவம் என்பதால் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கட்டுச்சோறு தீர்ந்ததும் மாமா வெளியே போய்க் காபி கிளப்பிலிருந்து இட்லி வாங்கி வருவார். அத்தனை பெரிய ஹோட்டலில் கம்பளத்தின்மேல் இலையைப் போட்டு, இட்லியைப் பிட்டு என் கணவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்காரிகள் நாய்க்குட்டியோடு உலாவினார்கள். அந்த நாய்க்குட்டிகூடக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் மேல்மாடியில் இருந்தார். மறுநாள் காலையில் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். வண்டி அலுப்புத் தீர மகனைக் குளிக்க வைக்கலாம் என்று மாமா குளியலறைக்குக் கூட்டிப்போனார். கூடவே நானும் மாற்றுத் துணியோடு போனேன். படுக்கிற அளவுக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. அதற்கு மேலே சுவரிலிருந்து நீண்டுவந்த குழாய், முனையில் தாமரைக்காய் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. எங்கள் மூன்று பேரில் யாரும் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. மாமா எதையோ திருகினார். தண்ணீர் மேலிருந்து கொட்டியது.

என் கணவர் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். மாசக்கணக்காக எதையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். தானாகத் தொட்டிக்குள் கால் எடுத்து வைத்து, தண்ணீருக்கு அடியில் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, பலமாக, பக்கத்தில் அருவி இரைகிற மாதிரிக் கத்தினார்:

"ஏட்டி, சேலைய இறுக்கிப் பிடிச்சுக்கோ!"

என் கையிலிருந்த துணியெல்லாம் ஈரத்தரையில் விழுந்தது. மாமா கால்சட்டையோடு தொட்டிக்குள் இறங்கி மகனைக் கட்டிக்கொண்டு, "குற்றாலநாதா, குற்றாலநாதா" என்று அழுதார். எனக்கும் அழுகை பொங்கியது. என்னைத்தான் கூப்பிட்டார். உலகத்தில் வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளி நல்லெண்ணெயை எடுத்தார். அருவிக்கு முன்னால் செய்கிற எல்லாவற்றையும் செய்தார். உச்சியில் எண்ணெய் வைத்து, கிழக்கே பார்க்க நிறுத்தி, ஷவரைத் திறந்துவிட்டார். டாக்டரின் ஆள் கதவைத் தட்டியபோது, வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவுக்கு எதிராக நான் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"மாமா, அவரயும் ஒரு தடவ பாத்துருவமே. அதுக்குத்தான வந்தோம்."

"அருவித்தண்ணி வேல செய்யயில வேற மருந்து தொடலாமாம்மா? ஒனக்குத் தெரியாததா? ரெண்டு கை பட்டா ரெண்டும் கெட்டுப்போவும்."

"இது அருவி இல்லியே மாமா. கொழாயில்லா."

"அவன் வாயத் தொறந்துட்டாம்லா. அவனுக்கு இது அருவிதான்."

எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு பழக்கம் இருப்பது வாஸ்தவம்தான். அருவிக்குக் கொண்டுவந்த நோயாளிக்கு, அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறவரை வேறு வைத்தியர் நாடி பார்க்கமாட்டார். அருவி கோபித்துக்கொள்ளுமாம். அந்தக் கோபத்தை முந்நூறு மைலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரன் குளியலறைவரை சுமந்துகொண்டு வந்தவர் என் மாமா ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை.

அடுத்தடுத்த நாட்களும் காலையும் மாலையும் எண்ணெயும் ஷவரும்தான். என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா மட்டும் ஷவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பட்லர் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா சாமி இது, தொட்டி பூரா எண்ணெ! தொர பாத்தா என் வேலை பூடும்!" மாமா அவனுக்கும் கொஞ்சம் எண்ணெய் கொடுத்து, உச்சியில் தேய்த்துக்கொள், சூடு தணியும் என்றார்.

டாக்டர் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். பெட்டிகளை மோட்டாரில் ஏற்றினார்கள். ஒல்லியான, நரைத்த மனிதர். என்னைக் கடந்து போகும்போது தொப்பியைத் தொட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். காலில் விழ இங்கிலீஷ் எதற்கு என்று பிறகு தோன்றியது, அதற்குள் மோட்டார் வாசலைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு அவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். ஆறுதலாகச் சொன்னாராம்.

மறுநாள் காலை மாமா இட்லி வாங்கப் போயிருந்தார். ஷவர் கொட்டிக்கொண்டிருந்தது, என் கணவர் அடியில் நின்றிருந்தார். எனக்குத் திடீரென்று ஒரு நப்பாசை. அன்றைக்கு அவர் கூப்பிட்டது அருவிக்குள் நின்ற என்னை. நான் இங்கே துண்டோடு காய்ந்துபோய் ஓரத்தில் நின்றால் எப்படித் தெரியும்? கட்டின சேலையோடு தொட்டிக்குள் இறங்கினேன். கல்யாணத்தின்போது எடுத்த பச்சைச் சேலை. தலையோடு நனைந்து, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கதவைப் பார்ப்பது போல இல்லை, ஆளைப் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"இது ஆம்பளைங்க பக்கம்லா. பொம்பளையாளுவ அங்கன குளிக்காவ. அங்கன போங்க."

கட்டின பெண்டாட்டியை எங்கள் ஊரில் யாரும் போங்க என்று சொல்லமாட்டார்கள். முன்பின் தெரியாத பெண்ணிடம்தான் அந்த மரியாதை. என் கணவர் அந்நியப் பெண்களிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். நான் தொட்டியைவிட்டு இறங்கி வெளியே வந்தேன்.

அறைக்குள் மாமா இட்லிப் பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சேம்மா. பேசுதானா?"

"பேசுனாவ மாமா."

"என்ன சொன்னான்?"

"பொம்பளைங்க பக்கம் போவச் சொன்னாவ."

மாமா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பாத்தியா? எது ஆம்பளப் பக்கம், எது பொம்பளப் பக்கம்னு தெரியுது பாரு! ஒம்மேல எம்புட்டு அக்கற பாரு அவனுக்கு!"

என் சேலையிலிருந்து தண்ணீர் வடிந்து அந்தக் கம்பளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, இந்த மாதிரிக் குழாய் மதராஸில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று பட்லரிடம் விசாரிக்கப் போனார்.