மூன்றாவது பேஸ்மென்ட்டில் ஏறியவர்கள்

இதை நான் சொன்னபோது பாதிப் பேர் என்னை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. மீதிப் பேர் அது எந்தக் கட்டிடம் என்று கேட்டார்கள். அதை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆபீஸ்கள் நடக்கின்றன. பாவம், தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் சோபா, நாற்காலி தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறோம். அவர் தைப்பார், நான் வண்டி ஓட்டுவேன். அவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும். எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது. இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

வண்டி, பழைய பெட்ரோல் பிக்கப். சில மாதங்களாக ஒரே தகராறு. காலையில் மூன்று தடவை சாவியைத் திருப்பினால்தான் உயிர் வரும். சிக்னலில் நின்றால் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். மேட்டைக் கண்டால் வெட்டி வெட்டி இழுக்கும். பெட்ரோல் செலவோ சொல்லி மாளாது. என் கொழுந்தன் மெக்கானிக். இஞ்சின் சத்தத்தைக் கேட்டதுமே ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்று சொல்லிவிட்டான். சாதா பிளக்கை முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். விலை கூடிய ரகமென்றால் லட்சம் வரை தாங்குமாம். எங்கள் வண்டியில் இருந்தது சாதா. அறுபதாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"மேட்டுல வெட்ட ஆரம்பிச்சா கிலோமீட்டர் கணக்கெல்லாம் பாக்காதீங்க அண்ணி. அன்னிக்கே மாத்திடணும். இல்லன்னா ஆள் இல்லாத இடமாப் பாத்து நிறுத்திடும்" என்றான்.

தலையாட்டினேன். ஆனால் வண்டியை ஒருநாள் சும்மா விட்டால்தானே மாற்றுவது? ஆர்டர் மேல் ஆர்டர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய கட்டிடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆபீஸ் நாற்காலிகளுக்குத் துணி மாற்ற வேண்டும், மூன்றாவது பேஸ்மென்ட்டில் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வண்டி அன்றைக்கு என்னவோ சமர்த்தாக ஓடியது. ஒரு வெட்டு இல்லை, உதறல் இல்லை. நம்மைப் பார்த்துப் பயந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிடத்துக்குக் கீழே போகும் பாதை திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கியது. முதல் பேஸ்மென்ட்டில் கார்கள் நெருக்கியடித்து நின்றன. இரண்டாவதிலும் அப்படியே, கை நுழைய இடமில்லை.

மூன்றாவதில் ஒரு வண்டிகூட இல்லை.

இத்தனை இடத்தை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். சுவரெல்லாம் புது வெள்ளை. தரையிலிருந்து கூரை வரை ஒரு கீறல் இல்லை. பெயின்ட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. சேறு காய்ந்த வாசனை.

துப்புரவு வேலைக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலிகளை லிஃப்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார்கள். லிஃப்ட் கதவு மூடிவிடாதபடி ஒரு நாற்காலியை நடுவில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மள மளவென்று ஏற்றினார்கள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகீழாக அடுக்கினார்கள். முட்டுக் கொடுத்த நாற்காலியைக் கடைசியாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு லிஃப்டுக்குள் ஓடினார்கள். நடக்கவில்லை. ஓடினார்கள்.

எனக்கு ஒரு பழக்கம். நாற்காலி கைக்கு வந்தால் ஸ்பாஞ்சை அமுக்கிப் பார்ப்பேன். கடைசி நாற்காலியை அமுக்கினேன்.

விரல்களுக்கு நடுவே தண்ணீர் வழிந்தது. ஐஸ் மாதிரித் தண்ணீர்.

துணி காய்ந்திருந்தது. நாற்காலி நின்ற தரையும் காய்ந்திருந்தது.

அப்போது பின்னால் ஒரு சத்தம்.

கீக்... கீக்.

காரை ரிமோட்டில் திறக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். வெறும் தரை, வெறும் தூண்கள். மேலே இரண்டாவது பேஸ்மென்ட்டிலிருந்து கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினேன். டேஷ்போர்டில் மணி 3.10.

முதல் கியர் போட்டு மேலே திருப்பினேன். முதல் வளைவு வரை நன்றாகத்தான் ஏறியது. அங்கே ஒரு வெட்டு. இன்னொன்று. இஞ்சின் நின்றுவிட்டது. கால் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். பிடிக்கவில்லை. கனமான எதையோ கட்டி இழுப்பது போல வண்டி பின்னால் உருண்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது.

பிளக்கைத் திட்டினேன். கொழுந்தனைத் திட்டினேன். மாற்றாமல் விட்ட என்னையும் சேர்த்துத்தான்.

அப்போது வண்டியின் பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. கிரீச்... என்று ஸ்பிரிங் பட்டை முனகியது. ஆள் ஏறினால் அப்படித்தான் கேட்கும். நாற்காலி சரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுபடி கிளப்பினேன். அதே வளைவு, அதே வெட்டு. மறுபடி உருண்டு கீழே வந்து நின்றேன்.

கிரீச்... சற்று விட்டு இன்னொரு கிரீச்...

கண்ணாடியில் பார்க்க மனசு வரவில்லை. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. சரி, இறங்கி நடந்தே மேலே போய்விடலாம் என்று கதவைத் திறந்து வலது காலைக் கீழே வைத்தேன்.

கணுக்கால் வரை தண்ணீர்.

குளிர் எலும்பில் ஏறியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. செருப்பில் ஒரு துளி ஈரம் இல்லை.

கதவைச் சாத்தினேன். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கலாம் என்று தோன்றியது. பிடியை இழுத்துத் தோளால் தள்ளினேன். அசையவில்லை. என் பக்கக் கதவுக்குத் திரும்பி வந்தேன். அதுவும் அசையவில்லை. பூட்டு திறந்துதான் இருந்தது. வெளியே நின்று பலமாக ஏதோ அமுக்கியது. ஒரு கை அல்ல... கதவு முழுக்க ஒரே சீராக.

பேஸ்மென்ட் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தூரத்திலிருந்து என்னை நோக்கி.

ஹெட்லைட் மட்டும்.

ஹாரனை அழுத்தினேன். சத்தம் எங்கோ அடியிலிருந்து வந்தது. ஆழத்தில் யாரோ ஊதுகிற மாதிரி.

முழங்கால் வரை குளிர்ந்தது. பிறகு இடுப்பு. கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். புடவை காய்ந்தே இருந்தது. உள்ளே குளிர் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வந்தது. நான் வரவில்லை என்றால் அவர் எப்படி என்னைத் தேடி வருவார்? வண்டி ஓட்டத் தெரியாதே... அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

கிரீச்...

உடனே இன்னொன்று. தலையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன்.

தலைகீழாக அடுக்கிய நாற்காலிகள் நேராக நின்றன. வரிசையாக. எல்லாம் முன்பக்கம் பார்த்தபடி. பஸ்ஸில் போட்டிருப்பது போல.

யாரும் இல்லை.

ஆனால் நான் நாற்காலிக்காரி. காலி இருக்கை எப்படி இருக்கும், ஆள் உட்கார்ந்த இருக்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சில நாற்காலிகளில் ஸ்பாஞ்ச் அமுங்கியிருந்தது.



டப்... டப்.

வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு. லோடு ஏற்றுகிறவர்கள் தட்டுவார்களே, ஏற்றியாச்சு, போகலாம் என்று... அதே தட்டு.

யோசிக்கவில்லை. பழக்க தோஷம். சாவியைத் திருப்பினேன். கை தானாகக் கியர் போட்டது.

வளைவு வந்தது. வெட்டவில்லை.

ஏறியது... ஏறியது... இரண்டாவது பேஸ்மென்ட். முதல் பேஸ்மென்ட். வெயில்.

கேட்டில் வாட்ச்மேன் தடுப்புக் கட்டையைத் தூக்கினார். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கால் மரத்திருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. சுற்றிலும் ஜனம், வெயில், ஐஸ்கிரீம் வண்டி. என் முதுகுக்குப் பின்னால் மட்டும் அந்தக் கனம்.

முதல் சிக்னல் தாண்டியதும், டப் டப்.

ஓரம் கட்டினேன். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது. யாரோ இறங்கினால் உயருமே, அப்படி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே மறுபடி தட்டு, மறுபடி நிறுத்தினேன். ஒரு அபார்ட்மென்ட் தெருமுனையில் இன்னொன்று. பாலத்தைத் தாண்டி மருந்துக்கடை வாசலில் நான்காவது. அதற்குப் பிறகு தட்டு இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். சுலபமாகத் திறந்தது.

மறுநாள் கொழுந்தன் வந்தான். பிளக்கை இன்றைக்கே மாற்றிவிடு, வேறெதுவும் கேட்காதே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரர் சாவி கொடுத்து, அவன் நான்கு பிளக்கையும் புதிதாக மாற்றிவிட்டானாம். எனக்குச் சொல்ல இருவரும் மறந்துவிட்டார்கள். நான் நம்பவில்லை. கழற்றிக் காட்டச் சொன்னேன்.

கழற்றத் தொடங்கியவன் அப்படியே நின்றான். பிளக் உட்கார்ந்திருக்கும் நான்கு குழியிலும் விளிம்பு வரை சேற்றுத் தண்ணீர். துடைத்து வெளியே எடுத்தான். பிளக் நான்கும் புத்தம் புதிது.

"இவ்வளவு தண்ணியில வண்டி கிளம்பவே கிளம்பாது அண்ணி. நீங்க எப்படி வந்தீங்க?"

பிறகு வண்டிக்கு அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்தான். வெளியே வந்து கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"பின்னால ஸ்பிரிங் பட்டை பாரம் தாங்காம நிமிந்து போயிருக்கு. நாற்காலிக்கு இப்படி ஆகாது. எத்தனை பேரை ஏத்துனீங்க?"

நாற்காலிகளை வேறு வண்டி பிடித்து வீட்டுக்காரரே திருப்பிக் கொடுக்கப் போனார். எதற்கெடுத்தாலும் தமாஷ் பண்ணுகிற மனுஷர், திரும்பி வந்து தண்ணீர் கேட்டார். சொம்பைக் கையில் வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்தார். வாட்ச்மேன் அவரிடம் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழை. வெள்ளம் வருகிறது, காரை எடுத்துவிடலாம் என்று மூன்றாவது பேஸ்மென்ட்டுக்கு இறங்கியவர்கள் யாரும் மேலே வரவில்லை. எல்லாரையும் காருக்குள்தான் கண்டெடுத்தார்களாம். கதவைத் திறக்க முடியாமல்.

"எத்தனை பேருங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சு பேரு" என்றார். "நாலு பேரோட வீடு இந்த ஊர்லயேதானாம். அஞ்சாவது ஆளோட பொண்டாட்டி பிள்ளைங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

கொழுந்தன் இரண்டு பக்கமும் புதுப் பட்டை போட்டுவிட்டான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வண்டி நன்றாக ஓடுகிறது. மேட்டில் வெட்டுவதே இல்லை.

காலியாக நிறுத்தினாலும் பின்னால் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கிறது. புதுத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறேன்.

இன்னும் தட்டவில்லை.