காலி சோபாக்களுக்கு ஒரு கச்சேரி

போன ஞாயிற்றுக்கிழமை கத்தியதில் என் தொண்டை இன்னும் கரகரவென்றுதான் இருக்கிறது. பிடித்த பேண்டின் லைவ் ஷோவுக்குப் போனாளே, கூடச் சேர்ந்து பாடியிருப்பாள் என்று நினைக்காதீர்கள். சண்டை போட்டதில் கட்டிய தொண்டை இது.

வழக்கமாக இந்தப் பத்தியில் யாரையாவது கிண்டல் செய்வேன். நீங்களும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள். இந்த வாரம் கிண்டல் வரவில்லை... கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேண்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் திருப்பதியில் அவர்களுக்கு இனி மேடை தர மாட்டார்கள். ஒரு கிடார், ஒரு வயலின், ஒரு பம்பை மேளம், பாட ஒருவர். மொத்தமே நான்கு பேர். அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்டு, யூடியூபில் ஏற்றுகிறார்கள். பாட்டெல்லாம் ஆந்திராவில் நகரி, சித்தூர்ப் பக்கம் நாங்கள் பேசுகிற தமிழ். 'போய்க்கினு இருக்கேன்' என்று யாராவது சொன்னால் சினிமாவில் அவர் காமெடியனாக இருப்பார், இல்லாவிட்டால் அடியாளாக இருப்பார். இந்த நான்கு பேர் அதே பாஷையில் காதலைப் பாடுகிறார்கள். கேட்காமல் விடுவோமா?

எனக்கு அவர்களை அறிமுகப்படுத்தியது என் அண்ணன் சேகர். அண்ணனுக்குக் காது சரியாகக் கேட்காது.

காது கேட்காதவருக்குப் பாட்டா என்கிறீர்களா? பதினெட்டு வயதில் நகரியில் ஒரு பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டப் போனவர். இப்போது நாற்பத்தைந்து. அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியிலும் அவருக்குக் கேட்பது குறைந்துபோனது. மெஷின் வைத்துக்கொள்ளலாமே? வாங்கினோம். எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சலாக வருகிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

ஆனால் பம்பை கேட்கிறது. காதில் கேட்கிறதா, எலும்பில் கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. போனைத் தாடையோடு ஒட்டி வைத்துக்கொள்வார். வீடியோவில் ஓடும் வரிகளைப் படித்துப் படித்தே எல்லாப் பாட்டும் அவருக்கு மனப்பாடம்.

அந்த பேண்ட் திருப்பதிக்கு வருகிறது என்றதும் நானே டிக்கெட் புக் செய்தேன். முதலில் வருபவர்களுக்கு முன்வரிசை என்று அதில் போட்டிருந்தது. முன்னால் உட்கார்ந்தால் பாடுகிறவரின் உதடு தெரியும், பம்பை அதிரும். அண்ணனுக்கு வேறென்ன வேண்டும்? ஷிப்டை மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டேஷனில் எனக்கு முன்னால் வந்து நின்றார். கேட் திறப்பதற்கு முன்பே மைதானத்துக்குப் போய்விட்டோம்.

உள்ளே போனால், மேடைக்கு முன்னால் மூன்று வரிசை சோபா. ஒவ்வொன்றிலும் வெள்ளை டர்க்கி டவல். முன்னால் டீப்பாய், தண்ணீர் பாட்டில், தட்டில் முந்திரிப்பருப்பு. அதற்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றுக்குப் பின்னால் வீடியோ கேமராவுக்கென்று ஒரு மேடை. அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள்... அவைதான் எங்கள் 'முன்வரிசை'.

கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒருவர் கயிற்றருகே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். அண்ணனின் காதைப் பற்றிச் சொல்லி, ஓரத்தில் ஒரே ஒரு இடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "அவி வி.ஐ.பி. சீட்லு மேடம், வெனக கூர்ச்சோண்டி" என்றார். வி.ஐ.பி. சீட், பின்னால் போய் உட்கார். அவ்வளவுதான் பதில். வேண்டாம், சோபா ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறோம் என்றேன். மேடைக்கு முன்னால் தரையில் ஆள் உட்கார்ந்தால் போட்டோவில் நன்றாக இருக்காதாம்.

அங்கேதான் என் தொண்டை போனது. டிக்கெட்டைக் காட்டினேன், தெலுங்கில் கேட்டேன், தமிழில் கேட்டேன், அவருக்கு மேலே யார் என்று கேட்டேன். மேலே இருந்தவர் வந்து இன்னும் மரியாதையாக அதையே சொன்னார்.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "வா மஞ்சு, பின்னாடியே குந்திக்கலாம். இன்னாத்துக்கு வம்பு?" மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. நாலு வரிசைக்குக் கேட்டது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நியாயம் கேட்ட நாங்கள்தான் கூசிப்போய் நின்றோம். ஐடி கார்டுக்காரர் நிமிர்ந்துதான் நின்றார்.

ஷோ தாமதமாகத்தான் ஆரம்பித்தது. வி.ஐ.பி.க்குக் காத்திருந்தார்கள். அவர் வரவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று பாட்டு ஆயிற்று. கேமரா மேடைக்குப் பின்னாலிருந்து எங்களுக்குத் தெரிந்தது வயலின்காரரின் முழங்கை. அண்ணன் ஒவ்வொரு பாட்டுக்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் வரிகளை உதட்டசைத்துச் சொல்வேன். பிடித்த பேண்டைப் பார்க்க வந்தவர் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் மூன்று வரிசை டர்க்கி டவல்கள் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தன.

நாலாவதாக அண்ணனின் பாட்டு வந்தது. ஷிப்ட் முடிந்து வருகிற புருஷனும் ஷிப்டுக்குக் கிளம்புகிற பெண்டாட்டியும் வாசலில் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்கிற பாட்டு. அண்ணி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார். அண்ணனுக்கு அந்தப் பாட்டு ஏன் பிடிக்கும் என்று நான் விளக்க வேண்டுமா? பம்பை முழங்கியதும் எழுந்து நின்றுவிட்டார்.

அப்போது பார்த்து வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம், வி.ஐ.பி. வந்துவிட்டார். விழா நடத்துகிறவர் மேடைக்கு ஓடி, பாடிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பாட்டு பாதியில் நின்றது. பாடகர் கைகூப்பினார். ஆமாம், கைகூப்பினார். 'எவனுக்கும் நான் நகர மாட்டேன்' என்று எங்கள் போனில் பாடுகிற அதே மனிதர், மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து நின்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு மாலை, சால்வை, இன்னொரு சால்வை. வி.ஐ.பி. பேசினார். மக்கள் கலைதான் மண்ணின் மூச்சு என்றார். மக்களை மறந்தால் கலை இல்லை என்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் கேட்டோம். மூச்சு பாதியில் நின்றதை யாரிடம் சொல்வது? பேசி முடித்ததும் எல்லோரோடும் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு பாட்டு... ஒரே ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை. கூட வந்தவர்களோடு போய்விட்டார். முந்திரிப்பருப்பு மட்டும் குறைந்திருந்தது.

சோபாக்கள் மறுபடி காலி. கயிறு மட்டும் அப்படியே இருந்தது. போலீஸ் பர்மிஷன் நேரம் முடிகிறது, இன்னும் ஒரு பாட்டுதான் என்று அறிவித்தார்கள்.

பாடகர் மைக்கை வாங்கிக்கொண்டார். பாதியில் நின்ற அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டேன்.

திரும்பிப் பார்க்கிறேன்... பக்கத்து நாற்காலி காலி. சாயங்காலம் முழுக்க என்னை இழுத்துப் பிடித்த மனிதர், குனிந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சோபாவைத் தொடக்கூட இல்லை. நேராக மேடை ஓரத்து ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் போய், அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பாடகரின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐடி கார்டுக்காரர் ஓடினார். முதுகுக்குப் பின்னால் நின்று தெலுங்கில் கத்தினார், பிறகு தமிழில் கத்தினார். அண்ணன் அசையவில்லை. தோளைத் தட்டினார். அண்ணன் திரும்பிச் சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மறுபடி பாட்டுக்குத் திரும்பிக்கொண்டார். அந்த ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னிடம் வந்து, உங்கள் அண்ணனை வரச் சொல்லுங்கள் என்றார்.

"நீங்களே சொல்லுங்க. அவருக்குக் காது கேக்காதுன்னு நான் அப்பவே சொன்னேனே" என்றேன்.

அதற்குள் கைக்குழந்தையோடு ஒரு பெண் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து போய் சோபாவில் உட்கார்ந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர். பாட்டு முடிந்தது. விளக்கை அணைத்தார்கள்.

என் கோபம் அணையவில்லை. எங்கிருந்தோ வந்தோம், உருப்படியாகக் கேட்டது ஒரு பாட்டு. யாருக்காக சோபா போட்டார்களோ அவருக்குக் கேட்க நேரமில்லை. கேட்க வந்தவருக்கு உட்கார இடமில்லை. இது ஒரு ஊரின் கதையா என்ன? உங்கள் ஊர் விழாவுக்குப் போய்ப் பாருங்கள். முன்வரிசையில் சோபா உட்கார்ந்திருக்கும்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் அண்ணன் இட்லி துன்னுகினு இருந்தார். (பார்த்தீர்களா, கோபத்தில் எனக்கும் எங்கள் பாஷை வந்துவிடுகிறது.) நான் எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து புலம்பிவிட்டு, "நல்லவேளை ண்ணா, அந்தாளு கத்தினது உனக்குக் கேக்கல" என்று உதட்டசைத்தேன்.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இந்த முறை நிஜமாகவே மெதுவாகச் சொன்னார்.

"அது நல்லாவே கேட்டுச்சு மஞ்சு."