பஸ்ஸில் எத்தனை பேர்

இணைய இணைப்பு எடுக்கும்போதெல்லாம் அப்பா கணினிப் பெட்டியின் மேல் ஒரு தலையணையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பு வந்த காலம் அது. பிடிபடும் வரை கீச்சென்றும் கரகரவென்றும் சத்தம் போட்டு வீட்டையே கூட்டும். பக்கத்து வீட்டுச் சிங்களவர் நல்ல மனிதர். பலாப்பழம் வெட்டினால் பாதி எங்களுக்கு வரும். இருந்தாலும் ஒரு தமிழ் வீட்டுக்குள்ளிருந்து மாலைதோறும் இப்படியொரு சத்தம் கேட்டால் அவர் என்ன நினைப்பாரோ என்று அப்பாவுக்குக் கவலை. சத்தம் அடங்கியதும் தலையணையை எடுத்துத் தட்டி, உயரம் போதாத தங்கச்சிக்காகக் கதிரையில் போடுவார். அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் அவள் கணக்குப் படித்தாள்.

கண்டி நகரிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வீதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா இளம் வயதில் அரசாங்க உத்தியோகம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அம்மா கம்பளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். தங்கச்சியும் அங்கேயே படித்ததால் இருவரும் தினமும் ஒன்றாக பஸ்ஸில் போய் வருவார்கள். யுத்தத்தின் கடைசி ஆண்டுகள் அவை. கடைசி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நான் பதினாறு வயதில் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுத் தங்கச்சி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, நான் பென்சிலை எடுப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். நான் மினக்கெட்டுச் செய்து முடித்தால் அவள் சொன்னதுதான் வந்து நிற்கும். தலையில் ஒரு குட்டுப் போட வேண்டும்போல் இருக்கும். பெருமையாகவும் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் அவளை என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவள் கையை உயர்த்தினால், மற்றப் பிள்ளைகளும் சொல்லட்டும், நீ சும்மா இரு என்று ஆசிரியை அடக்கிவிடுவார். இதையெல்லாம் தொலைபேசியில் கேட்ட கனடாச் சித்தப்பா, அங்கே கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று ஒரு இணையப் பாடத்திட்டம் இருப்பதாகச் சொன்னார். வீட்டிலிருந்தபடியே படிப்படியாக ஏறலாம். ஆண்டு முடிவில் ஒரு பெரிய சோதனை. அதில் தேறும் சிலரை ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் நேரே எடுத்துப் படிப்பிப்பார். ஒரேயொரு சிக்கல், அந்த நாட்டுப் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்களாம். சித்தப்பாவுக்கும் அதே வயதில் ஒரு மகள் இருந்தாள். கணக்கென்றால் அவளுக்கு வேப்பங்காய், நடனம்தான் உயிர். அவளுடைய பெயரில் பதிந்துவிடுவோமா என்று சித்தப்பா கேட்டு முடிப்பதற்குள் அப்பா சரி என்றுவிட்டார்.

அப்பாவுக்கு அது சிக்கலாகவே படவில்லை. உண்மையில் நிம்மதி. அவர் இளைஞராக இதே கண்டியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தபோது தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. தெருவுக்குள் நுழைந்தவர்களின் கையில் ஒரு கடதாசி இருந்ததாம். அதைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக ஏறினார்களாம். வீட்டுக்காரச் சிங்கள அம்மா அப்பாவைக் குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அன்றிலிருந்து எங்கள் பெயர் எங்கேயும் எழுதப்படக் கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். வாசலில் பெயர்ப் பலகை இல்லை. நான் பத்திரிகைக் கட்டுரைப் போட்டிக்கு எழுதியதைக்கூட அனுப்ப விடவில்லை. வாடகைக்கு இருக்கும் தமிழர் பதிய வேண்டும் என்ற சட்டத்தால் எங்கள் எல்லோருடைய பெயரும் ஏற்கனவே பொலிசில் இருந்ததுதான் வேடிக்கை. அம்மா அதைச் சொல்லிச் சிரித்தால் அப்பா சிரிக்கமாட்டார்.

ஆக, என் தங்கச்சி வேறொருத்தியின் பெயரில் படிக்கத் தொடங்கினாள். விடை சரியென்றால் திரையில் ஒரு பச்சைத் தவளை குதித்து, சித்தப்பா மகளின் பெயரைச் சொல்லி வாழ்த்தும். முதலில் அவளுக்கு அது நல்ல பகிடியாக இருந்தது. அவள் இண்டைக்கும் வெண்டிட்டாள் என்று கத்திக்கொண்டு குசினிக்கு ஓடுவாள். அப்பா ஆரம்பத்தில் பக்கத்தில் இருந்து விளக்கம் சொன்னார். சில மாதங்களில் அவருக்கே விளங்காத இடத்துக்குக் கணக்குகள் போய்விட்டன. பிறகும் எழுந்து போகவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பாவை நான் அவ்வளவு சந்தோசமாக வேறெப்போதும் கண்டதில்லை.

சான்றிதழ்கள் கனடாவுக்குப் போயின. சித்தி அவற்றைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வரிசையாக ஒட்டி, படம் எடுத்து அனுப்பியிருந்தார். தங்கச்சி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கெண்டு ஒண்டும் வராதா அப்பா?"

"பேர் எங்க போனா என்ன பிள்ளை? மூளை உன்னட்டத்தானே கிடக்கு" என்றார் அப்பா. அவள் தலையாட்டினாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஆண்டு முடிவுச் சோதனையில் அவள் மிக மேலே வந்தாள். பேராசிரியர் பிள்ளையுடன் தொலைபேசியில் பேச விரும்புகிறார் என்று சித்தப்பா துள்ளிக்கொண்டு சொன்னார். தன் வீட்டுக்கு வரும் அழைப்பை எங்கள் வீட்டுடன் இணைத்துவிடுவதாக ஏற்பாடு. அம்மா வெகுதூரம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒருமுறை எடுபட்டுவிட்டால் பிறகு உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். இப்படிப்பட்ட பிள்ளையை யார்தான் விடுவார்கள். எப்படியோ அங்கே போய்ப் படித்துவிடுவாள். இந்த நாட்டிலிருந்து ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்றார் அம்மா. அந்த ஒரு பிள்ளை நானில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் சேர்ந்துதான் நேர்த்தி வைத்தேன்.

குறித்த மாலையில் தங்கச்சி பிறந்தநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தாள். என்ன பெயர், எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் அப்பா பாடமாக்க வைத்திருந்தார். நாங்களும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார். பேராசிரியரின் குரல் மெதுவாக, கனிவாக இருந்தது. அவர் கேட்ட கணக்குகளுக்கெல்லாம் அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பட்டுப்பட்டென்று பதில் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, இனி நீ எனக்கு ஒரு கணக்குத் தா, நீயாகவே செய்தது, தினமும் நீ காண்கிற எதையாவது வைத்து, என்றார். இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அவள் யோசிக்கவே இல்லை. ஒரு பஸ் கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகிறது என்று தொடங்கினாள். கண்டி என்றதுமே அப்பா எழுந்துவிட்டார். முதலாவது சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்க வேண்டும். ஆமிக்காரர் அடையாள அட்டை பார்த்து, வந்தவர்களில் பாதிப் பேரையும் இன்னும் ஒருவரையும் மறித்து வைத்துக்கொள்வார்கள். மிச்சப் பேருடன் பஸ் போகும். இரண்டாவது சாவடியிலும் அப்படியே, மூன்றாவதிலும் அப்படியே. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஒருவரும் இல்லை. கண்டியில் ஏறியவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பக்கம் பேச்சில்லை. சில கணங்கள் கழித்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா குனிந்து தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார். வெளிநாட்டு அழைப்புகளை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று எல்லோரும் நம்பிய நாட்கள் அவை.

"போதும். எழும்பு பிள்ளை" என்றார்.

அவள் எழுந்து போய்ச் சட்டையை மாற்றினாள். அதன்பின் கொஞ்ச நாட்கள், வாசலில் ஒரு வாகனம் நின்றாலே அப்பா யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பார். ஒருவரும் வரவில்லை.

மறுநாள் சித்தப்பா தொலைபேசியில் எடுத்துச் சத்தம் போட்டார். பேராசிரியர் அவருடன் பேசியிருக்கிறார். எத்தனையோ பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாராம். இப்படியொரு கணக்கு ஒருவரும் தந்ததில்லையாம். விடை பதினான்கு என்று செய்து பார்த்துவிட்டாராம். பிள்ளை யாராக இருந்தாலும், எங்கே இருந்தாலும், இன்னொரு தடவை பேசலாமா என்று கேட்டாராம். அப்பா முடியாது என்றார். அம்மா அழுது பார்த்தார், கோபித்துப் பார்த்தார், சரிவரவில்லை. சின்னவளுக்கு இதைச் சொல்லி ஆசை காட்ட வேண்டாம் என்ற அந்த ஒன்றில்தான் இருவரும் கடைசியில் உடன்பட்டார்கள். என்னிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்றார்கள். பாடத்திட்டத்துக்குச் சித்தப்பா பணம் கட்டியிருந்த காலம் முடிந்ததோடு எல்லாம் முடிந்தது.

தங்கச்சி வகுப்பில் கை உயர்த்துவதை விட்டுவிட்டாள். பிள்ளை இப்போது அடக்கமாக இருக்கிறது என்று ஆசிரியை அம்மாவிடம் மகிழ்ந்து சொன்னாராம். உயர்தர வகுப்புக்கு அவள் கலைப் பிரிவை எடுத்தபோது வீட்டில் எல்லோரும் திகைத்தோம். கணக்குச் சலித்துவிட்டது என்றாள். நல்லா வந்திருக்க வேண்டிய பிள்ளை, ஆர்வம் விட்டுப் போச்சு என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஆட்களுக்குச் சொல்ல நானும் தங்கச்சியும் பஸ்ஸில் கம்பளைக்குப் போனோம். பேராதனை தாண்டி, முன்பு சாவடி இருந்த இடத்தில் இப்போது ஒருவர் ரம்புட்டான் பழம் விற்றுக்கொண்டிருந்தார். பஸ் நிற்காமல் போனது. தங்கச்சி அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கணக்கில நான் எங்க பிழை விட்டனான்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா பயந்துதான் கம்பியைப் பிடுங்கினார், அதிலே பிழை ஒன்றுமில்லை என்றேன். அது வளர்ந்த பிறகு தனக்கே விளங்கியது என்றாள்.

"ஆனா அந்த மனுசனும் பேசாமத்தானே இருந்தார். கணக்குப் பிழையெண்டபடியாத்தான் திரும்ப எடுக்கேல்ல எண்டு நினைச்சன். எத்தினையோ தரம் செய்து பாத்திட்டன் அக்கா. எனக்குப் பதினாலுதான் வருது."

அன்று சித்தப்பா சொன்னதையெல்லாம் நான் அவளுக்குச் சொன்னேன். அவர் திரும்பக் கேட்டதையும், செய்து பார்த்து அதே விடையைச் சொன்னதையும் சொன்னேன். அவள் கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பளை வந்துவிட்டது, ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அவள் எழும்பவில்லை.

"அவருக்கும் பதினாலுதானா வந்தது?" என்று கேட்டாள்.