தூரம் அதிகம் என்று தள்ளிய வேலை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். ஒரு விஷயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் நிம்மதி இருக்காது. தெருக்குழாயில் தண்ணீர் வந்தால், தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து குடம் வைப்பேன். புத்தூர் ஸ்டேஷனில் ரயில் தாமதம் என்று அறிவித்தால், இப்போது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்டு அங்கிருப்பவர்கள் உயிரை வாங்குவேன். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்த பிறகு இது இன்னும் முற்றிப்போனது.

கல்லூரியில் படிப்பு முடிப்பவர்களுக்கு வேலை தேடித் தரும் பிரிவு ஒன்று உண்டு. அதன் பொறுப்பாளர் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "நம்ம சைட்ல வேலை லிஸ்ட் ஒண்ணு ஓடிக்கினே இருக்கணும்பா. ஆனா யாரும் டைப் அடிக்க மாட்டாங்க. தானா வரணும்" என்றார். தானாக எது வரும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன். தேடினால், வரத்தான் செய்கிறது.

வேலை விளம்பரங்களைத் திரட்டும் சில பொதுத் தளங்கள், படமோ அலங்காரமோ இல்லாத ஒரு கோப்பையும் தங்கள் தளத்தில் ஒரு மூலையில் வைத்திருக்கின்றன. ஃபீட் என்று பெயர். புதிய வேலை ஒன்று வந்தால் அந்தக் கோப்பின் தலையில் ஒரு பதிவு ஏறும்: வேலை என்ன, எந்த ஊர், என்ன படிப்பு, கடைசித் தேதி, ஓர் அடையாள எண். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் கிடையாது, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பத்து வரியில் ஒரு நிரல் எழுதி வைத்தால், அது மணிக்கொரு தடவை போய்ப் பார்த்து, புதிதாக இருப்பதை அள்ளிக்கொண்டு வந்துவிடும். இப்படி ஒரு வாசல் திறந்தே கிடக்கும்போது ஊரில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் வரும் அரைகுறைச் செய்தியை நம்பிக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அந்த வாட்ஸ்அப் செய்திகளும் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கத் தொடங்கினேன். எருமைக் காதில் மாட்டிய மஞ்சள் வில்லை மாதிரி அந்த அடையாள எண் மட்டும் பல செய்திகளில் ஒட்டிக்கொண்டே வரும். அதை வைத்துப் பின்னாலேயே போவேன். ரேணிகுண்டா பக்கம் ஒரு குடோனுக்கு ஆள் வேண்டும் என்று காலையில் ஃபீடில் ஏறிய வேலை, மத்தியானத்துக்குள் நாலு தளத்தில் இருக்கும். சாயங்காலம் எங்கள் தெரு குரூப்பில், கம்பெனியின் போன் நம்பர் போய், எவனோ ஒரு தரகனின் நம்பரோடு நிற்கும். மூலத்தில் வேலை முடிந்து பதிவை எடுத்துவிட்ட பிறகும் நகல்கள் மட்டும் வாரக்கணக்கில் உயிரோடு சுற்றும். எனக்கு இது சினிமா பார்ப்பதைவிட ருசியாக இருந்தது.

அப்போதுதான் அக்காவுக்கு வேலை போனது. நகரியில் ஒரு துணிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். கம்பெனி மூடிவிட்டது. மாமா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அக்காவும் அவளுடைய இரண்டரை வயதுப் பெண் பாப்பாவும் புத்தூரில் எங்களோடுதான் இருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும், குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள்.

"இன்னாடா, எப்பப் பாத்தாலும் அந்தப் பொட்டியவே நோண்டிக்கினு கீற" என்று ஒருநாள் என் லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் வேலை காட்டுதே அது, எனக்கு ஒண்ணு காட்டச் சொல்லு. பாப்பா தூங்கறதுக்குள்ள நான் வூட்டுக்கு வந்துடணும். அவ்ளோதான்."

"இந்த மாசக் கடைசிக்குள்ள காட்டறேன்க்கா" என்றேன். மாதக் கடைசிவரைதான் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்றே உட்கார்ந்து அவளுக்கென்று ஒரு வடிகட்டி எழுதினேன். மூன்று ஃபீடுகள், இரண்டு திறந்த தரவுக் கோப்புகள், எல்லாம் சேர்ந்து வந்து விழும். டிகிரி கேட்கும் வேலை வேண்டாம். இரவு ஷிப்ட் வேண்டாம். கடைசித் தேதி தாண்டியது வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருப்பது வேண்டவே வேண்டாம். பதிவுகளில் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்ததால் தூரத்தை நிரலே கணக்குப் போட்டது. மிச்சம் நிற்பது மட்டும் அக்காவின் போனுக்குப் போகும். தள்ளிவிட்டதெல்லாம் காரணத்தோடு தனியாக ஒரு கோப்பில் போய்ச் சேரும். அந்தக் கோப்பால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. என் சுபாவத்துக்காக வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஒரு வேலை வந்தது. ரேணிகுண்டாவில் பேக்கிங் பிரிவு. அக்கா குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். கேட்டில் இருந்த தெலுங்குக்கார செக்யூரிட்டி, "அது போன மாசமே முடிஞ்சிபோச்சி தல்லி" என்று திருப்பி அனுப்பிவிட்டான். மூலத்திலேயே அவர்கள் பதிவை எடுக்க மறந்திருக்கிறார்கள். அடுத்து வந்தது வடமாலப்பேட்டையில். பன்னிரண்டு மணி நேர வேலை என்று போன பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் போன் சத்தமே போடவில்லை. நான் நிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

மாதக் கடைசியில் அக்கா பெட்டியைக் கட்டினாள். பாப்பா எழுவதற்கு முன் கிளம்பிவிட்டாள். ஆட்டோவில் ஏறும்போது என்னிடம், "உன் பொட்டி மேல தப்பு இல்லடா. என் நேரம்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு தினமும் ஏழரைக்கு வீடியோ கால். நான் போனைப் பிடித்துக்கொண்டு "அக்கா, தெரியுதாக்கா?" என்பேன். ஒரு மாதம் போவதற்குள் பாப்பாவும் போனைப் பார்த்து "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது மாதம் ஒருநாள் கல்லூரி கொஞ்சம் சீக்கிரமே முடிந்தது. வழக்கமாக நான் வீடு திரும்ப ஏழு மணியாகும். அன்று ஐந்துக்கெல்லாம் எங்கள் ரோட்டு முக்குக்கு வந்துவிட்டேன். ஒரு வெள்ளை பஸ் வந்து நின்றது. நீலக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். அதில் எங்கள் எதிர்வீட்டு அண்ணியும் இருந்தாள்.

"எங்க அண்ணி வேலை?"

"சத்தியவேடு தாண்டி, வரதய்யபாளையம் பக்கம் கம்பெனி. மூணு மாசமா போய்க்கினு கீறேனே, தெரியாதா? காத்தால அஞ்சரைக்கு இதே முக்குல ஏத்திக்கினு போவாங்க. அஞ்சு மணிக்கு எறக்கி வுட்டுடுவாங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். தள்ளிவிட்டவற்றின் கோப்பில் அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினேன். இருந்தது. தரம் பார்க்கும் வேலை, பத்தாம் வகுப்பு, பகல் ஷிப்ட், பெண்களுக்கு முன்னுரிமை. அக்கா போவதற்குப் பதினொரு நாள் முன்னால் வந்திருக்கிறது. பக்கத்தில் காரணம்: தூரம் அதிகம், 48. அந்த இரண்டு வார்த்தையையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். அவள் கேட்டது பாப்பா தூங்கும் நேரத்தை. நான் போட்டது கிலோமீட்டரை. நகரியிலிருந்து சத்தியவேடு வரை எந்தப் பெண்ணும் வேலைக்குப் போகும் முன் தூரத்தைக் கேட்பதில்லை, "பஸ்ஸு எங்க நிக்கும்?" என்றுதான் கேட்பாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை.

சரி, கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்ற தகவல் எங்கே இருக்கிறது? தேடினேன். எந்த ஃபீடிலும் இல்லை, எந்தக் கோப்பிலும் இல்லை. ஓட்டுகிறவருக்கும் ஏறுகிறவர்களுக்கும் மட்டுமே தெரியும். ஞாயிறு தவிர அந்த வாரம் முழுக்க விடியற்காலை ஐந்து மணிக்கு நோட்டும் பேனாவுமாக முக்கில் போய் நின்றேன். எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுப் போட வந்தவர்கள் கையைத் துணியால் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பஸ் கண்ணாடியில் இருக்கும் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வேன். ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சார், ஆர்டிஓ ஆபீஸா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். பிறகு அவரே புத்தூரிலிருந்து நாகலாபுரம் வழியாகத் தான் நிற்கும் பதினேழு இடங்களையும் நேரத்தோடு சொன்னார். மற்ற டிரைவர்களின் நம்பரும் கொடுத்தார். மூன்று வாரத்தில் இருபத்திரண்டு பஸ்கள் சேர்ந்தன. அதை நானும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு திறந்த கோப்பாகவே போட்டேன். வடிகட்டியிலிருந்து கிலோமீட்டரை எடுத்துவிட்டு, பஸ் திரும்பி வரும் நேரத்தை வைத்தேன்.

அக்காவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "எவ்ளோ கம்பெனிய கேட்டு வெச்சிருக்கு உன் பொட்டி?"

"ஒரு நானூறு இருக்கும்."

"என்னை ஒரு தபா கேட்டிருக்கலாம் இல்ல? நகரிக்கு நான் எதுல போனேன்னு நெனச்ச? கம்பெனி பஸ்ஸுலதான்டா ஆறு வருசம் போனேன்." குரல் உடைந்தது. "சரி வுடு. துன்னியா?"

துன்னவில்லை. பொய் சொன்னேன்.

எதிர்வீட்டு அண்ணி போகும் அதே கம்பெனி மறுபடி ஆள் எடுக்கும் பதிவு ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஃபீடில் ஏறியது. பதினொன்று ஐந்துக்கு அக்காவுக்கு போன் செய்தேன். அவள் வார லீவில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நேராக அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனாள். ஆறு வருட அனுபவம் என்றதும் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தாள்.

பாப்பா அவள் அருகில் போகவில்லை. போனில் பார்த்த முகம் இவ்வளவு பெரிதாக வந்து நிற்பது அவளுக்குப் பயமாக இருந்ததோ என்னவோ. அன்றிரவு பாட்டியின் பக்கத்தில்தான் படுத்தாள். காலை ஐந்தரைக்கு அக்கா முதல் நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

நான் கல்லூரியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, ஐந்து மணிக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முக்கில் நின்றேன். பஸ் வந்தது. நீலக் கோட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்க இறங்க, பாப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் அக்கா இறங்கினாள். கையை நீட்டினாள். பாப்பா என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் என்னாலதான்க்கா. போ பாப்பா, அம்மா பாரு, போ" என்று குழந்தையை அவள் பக்கம் தள்ளப் பார்த்தேன்.

அக்கா என் கையைத் தடுத்தாள்.

"தள்ளாதடா. அவளுக்கா வரணும்னு தோணும்போது வரட்டும். நாளைக்கும் இதே பஸ்ஸுலதான் வருவேன்."