ஜெஸீமா டீச்சரின் பெயரை அந்தச் சுவரில் இப்போது பதிக்காதீர்கள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ இறந்த மௌத்து அறிவித்தல் வந்தபோது, எங்கள் வீட்டுக் கக்கூசுக்கு முன்னால் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லாரும் பக்கத்துச் சமூகக் கல்லூரியில் படிப்பவர்கள். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். ஜெஸீமா டீச்சர் என்ற பெயர் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது. நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரியில் இருந்தவர், இந்தக் கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அறிவித்தவர் பெயரோடு நிறுத்தவில்லை. ஊருக்கு மூன்று மாடிக் கட்டடத்தைப் பெற்றுத் தந்த பொறுப்பாசிரியை என்றும் சேர்த்துச் சொன்னார். வரிசையில் நின்ற பிள்ளை ஒன்று விம்மி அழுதது. எனக்கு அழுகைக்கு முதல் கோபம்தான் வந்தது. அந்த மூன்று மாடியில் ஒதுங்க ஓர் இடம் இல்லாமல்தானே இந்தப் பிள்ளைகள் என் வீட்டு வளவில் நிற்கிறார்கள்.

டீச்சரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் வாங்கிய பட்டங்களை இந்த நினைவு மலரில் வேறு ஆட்கள் எழுதுவார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குப் பட்டங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்லூரி மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவை தெரியும்.

அங்கே முதலில் தகரம் போட்ட இரண்டு கொட்டில்கள்தான் இருந்தன. ஒன்றில் தையல், மற்றதில் மின்னிணைப்பு. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் படிப்பிக்க முடியாது. டீச்சர் அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சுற்றிவர உட்கார வைத்து, கையாலேயே காட்டிப் படிப்பிப்பார். என் பேத்தி நஸ்ஹா மின்னிணைப்புப் படிக்கப் போகிறேன் என்றபோது, அது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை என்று மகன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். டீச்சர் வீட்டுக்கு வந்தார். வாதாடவில்லை. எரியாமல் கிடந்த டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இத மாத்துறதுக்கு ஆரக் கூப்புடுவீங்க தம்பி?"

தெரிந்த மின்வேலைப் பாஸ் ஒருவர் வருவார் என்றான் மகன்.

"நீங்க கடையில இரிக்கக்குள்ள, உம்மாவும் பொஞ்சாதியும் தனிய இரிக்கக்குள்ள வருவாரா?"

அடுத்த திங்கள் நஸ்ஹா வகுப்பில் இருந்தாள். இன்றைக்கு, ஆம்பிளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்ட வீடுகளில் வயர் இழுக்க அவளைத்தான் தேடி வருகிறார்கள். ஓம், பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பிறகு புதுக் கட்டடம் வந்தது. முதலில் வரைந்த பிளானில் அதன் முகப்பு ஒழுங்கைப் பக்கம், வடக்குப் பார்த்து இருந்தது. முகாமைக் குழுவில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மெயின் ரோட்டால் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், பெரிய ஆட்களின் வாகனங்கள் நேரே போர்ட்டிக்கோவுக்குள் வர வேண்டும் என்றார்கள். ரோடு இருப்பது மேற்கே. ஆகவே பிளானை அப்படியே மேற்கே திருப்பினார்கள். முகப்புத் திரும்பியபோது உள்ளே இருந்தவையும் சேர்ந்து திரும்பின. வடக்குப் பார்த்திருக்க வேண்டிய கக்கூசுகள் எல்லாம் மேற்கே, தொழுகைக்கு முகம் திருப்பும் கிப்லாவைப் பார்த்து நின்றன.

கிப்லாவுக்கு முகம் காட்டியோ முதுகு காட்டியோ ஒதுங்கக் கூடாது என்பதை எங்கள் உம்மாமார், பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே சொல்லிவிடுவார்கள். தங்களுடைய வீட்டில் மேசன் இப்படி வைத்திருந்தால் இந்தக் குழுவில் ஒருவர்கூட அன்று இரவு நித்திரை கொண்டிருக்க மாட்டார். டீச்சர் அத்திவாரம் வெட்டும்போதே கண்டுகொண்டு போய்ச் சொன்னார். கட்டடம் எழும்பட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டார். கொந்தராத்துக்காரர் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். குறை சொல்லக் கூடாது, பார்க்க வடிவுதான். வாசிகசாலையில் கண்ணாடி அலுமாரிகள். கணினி அறையில் ஏசி. தாதி உதவியாளர் வகுப்பில் சில்லு வைத்த கட்டில், அதில் பழகுவதற்கு ஒரு பெரிய பொம்மை. எந்தப் பக்கம் திரும்பி ஒதுங்குவது என்ற கவலை அங்கே அந்தப் பொம்மைக்கு மட்டும்தான் இல்லை. மேல் மாடியில் விருந்தினருக்கென்று ஒரு கக்கூசு. அதையும் கிப்லாவைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் விழாவுக்கு முதல் கிழமை மேசனைக் கூப்பிட்டு, தரையை உடைத்து, கொமட்டைத் திருப்பி வைத்தார்கள். பிறகு அதைப் பூட்டித் திறப்பைக் காரியாலயத்தில் வைத்துக்கொண்டார்கள். கீழே பிள்ளைகளுக்கென்று இருந்தவை கட்டியபடியே கிடந்தன.

பெற்றார் கூட்டத்தில் டீச்சர் அதை எழுப்பினார். குழுத் தலைவர் ஹாஜியார், கட்டடத்துக்குள் என்றால் குற்றமில்லை என்று மௌலவி ஒருவர் சொன்னதாகச் சொன்னார். டீச்சருக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. அன்றைக்கும் சிரித்த முகத்தோடுதான் எழும்பி நின்றார்.

"ஓம் ஹாஜியார், அப்புடி ஒரு சட்டம் இரிக்கிறது எனக்கும் தெரியும். அப்ப மேல உள்ளத்த மட்டும் ஏன் திருப்பின நீங்க?"

மண்டபத்தில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. ஹாஜியார் தேத்தண்ணி வந்துவிட்டது என்று கூட்டத்தை முடித்தார்.

பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். காலையில் வீட்டில் வெறும் வாயோடு புறப்பட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போகும் வரைக்கும் அடக்கிக்கொண்டு இருந்தார்கள். சித்திரை வெயிலில் ஒரு பிள்ளை தையல் மெசினிலேயே தலை சுற்றி விழுந்தது. சம்மாந்துறையிலிருந்தும் இறக்காமத்திலிருந்தும் பஸ்ஸில் வந்த சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை குறைந்துபோயிற்று என்று குழுவில் பேசிக்கொண்டார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் டீச்சர் என் வளவுக்கு வந்தார். மதிலை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ராத்தா, இதுல ஒரு கடப்பு வெட்டுவமா?"

அயல் வீட்டுப் பெண்கள் ரோட்டுக்கு இறங்காமல் வளவுக்கு வளவு போய்வர, வேலியில் கடப்பு விடுவது எங்கள் பக்கத்தில் உள்ள வழக்கம். மதில் எழும்பிய பிறகு அது குறைந்துவிட்டது. எனக்கு விளங்கவில்லை. மூன்று மாடி கட்டித் தந்திருக்கிறார்களே டீச்சர், பிறகு என் வளவு என்னத்துக்கு என்று கேட்டேன்.

"மாடிக்கென்ன ராத்தா, நல்லாத்தான் இரிக்கி. அதுக்குள்ள மனிசர் மட்டும் இரிக்க ஏலா."

அடுத்த நாளே மேசனைக் கூட்டி வந்து, தன் பொறுப்பில் மதிலை வெட்டுவித்தார். குழுவிடம் கேட்கவில்லையா என்றேன். கேட்டால் கூட்டம் வைப்பார்கள் என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பாண்டிருப்பிலிருந்து வரும் கவிதாவும் வருவாள். உனக்குத்தான் கிப்லா இல்லையே, நீ அங்கேயே போகலாமே புள்ள என்று ஒரு நாள் பகிடிக்குக் கேட்டேன். "இவங்கெல்லாம் இஞ்ச வரக்குள்ள நான் மட்டும் அங்க தனியப் போய் என்ன செய்யிற உம்மம்மா?" என்றாள். அதை டீச்சரிடம் சொன்னேன். "கட்டடம் கட்டினவங்களுக்கு வெளங்காதது இவளுக்கு வெளங்கியிரிக்கி" என்றார்.

ஜனாஸா அடக்கி ஒரு கிழமை போகவில்லை, ஹாஜியார் இன்னும் இருவரோடு என் வீட்டுக்கு வந்தார். கட்டடத்துக்கு டீச்சரின் பெயரை வைக்கப் போகிறார்களாம். கல்லும் செதுக்கக் கொடுத்தாயிற்றாம். அயலவர் என்ற முறையில் நானும் மலருக்கு நாலு வரி தர வேண்டுமாம். கடைசியாகத்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"பேர் வெக்கிற நாளைக்கு மட்டும் அந்தக் கடப்ப மூடி வெச்சா நல்லம் ராத்தா. வாறவங்க இந்த வரிசயக் கண்டா நமக்குத்தானே வெக்கம்."

அன்றைக்குப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டேன்.

"ஒரு நாள்தானே. சமாளிப்பாங்க."

"அப்ப ஒண்டு செய்யுங்க ஹாஜியார். அந்த ஒரு நாளைக்கு மேல்மாடிக் கக்கூசுத் திறப்பப் புள்ளைகள்ட்டக் குடுங்க. வாற பெரிய ஆக்கள இந்தக் கடப்பால அனுப்புங்க. நான் வாளியில தண்ணி நெறச்சி வெக்கிறன்."

வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள்.

அவர்கள் கேட்ட நாலு வரி இதுதான். கொஞ்சம் நீண்டுவிட்டது. மலரில் போடாவிட்டால் நஸ்ஹா தன் போனில் எல்லாருக்கும் அனுப்புவாள்.

டீச்சரின் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். உயிரோடு இருந்தபோது அவர் சொன்னதைக் காதில் போடாதவர்கள், மௌத்தான பிறகு அவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறார்கள். வெட்டுங்கள். ஆனால் அந்தக் கல்லை இப்போது சுவரில் ஏற்றாதீர்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கடப்பு ஒன்றுதான். அவர் பொறுமையும் சிரிப்பும் எனக்கு வராது. எனக்கு வருவது கோபம், அதை வைத்துக்கொண்டு இதைக் காப்பேன். கீழே உள்ளவற்றை உடைத்துத் திருப்புங்கள். ஒரு பிள்ளை காலையில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒதுங்கிவிட்டு வகுப்பில் போய் இருக்கட்டும். அன்றைக்கு நானே மேசனைக் கூப்பிட்டு மதிலைக் கட்டி மூடுகிறேன். பிறகு கல்லை எடுத்து வாருங்கள். பதிக்கும்போது முன்வரிசையில் நிற்பேன்.